மூணு மாசம் ஓடணும்

உச்சிப்புளி
3.11.2024

அன்புள்ள சேது அக்காவுக்கு,

முருகலட்சுமி எழுதுறேன். இங்கன நாலு நாளா நல்ல மழை. எனக்குச் சளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? மச்சானும் பிள்ளைகளும் சுகம்தானே?

போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை, நாலாவது நிமிஷம் நீ கட் பண்ணுறே, இல்லாட்டி நான் கட் பண்ணுறேன். இனிமே ரெண்டு பேரும் லெட்டர்ல பேசிக்கிடுங்கன்னு மச்சான் சொன்னது சரிதான். லெட்டரை யாரும் பாதியில கட் பண்ண முடியாது. முழுசாப் படி.

நம்ம அய்யா போய்ச் சேந்து நாப்பது நாளாச்சு. பூட்டிக் கிடந்த அவரோட மோட்டார் ரிப்பேர் கடையை நேத்துத் திறந்துட்டேன். கட்டடக்கார வாவு முகம்மது பாய் வந்து எட்டிப் பாத்தாக. "சித்திரை பொறக்குற வரைக்கும் பொறுக்கேன்த்தா. அதுக்குள்ள ரெண்டு பிள்ளைகளும் சேந்து வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கடை வேணாம்னா எங்க வீட்டுப் பையன் சஃபீர் செல்போன் கடை வைக்கணும்னு நிக்கிறான்"னு சொல்லிட்டுப் போனாக.

கடையை விட்டுட்டுத் திருப்பூருக்கு வா, பனியன் கம்பெனியில சேத்துவிடுறேன்னு சொல்றே. நான் வரலைக்கா. ஜெராக்ஸ் கடையில ஆறு வருஷம் அடுத்தவுக பேப்பரைத் திருப்பித் திருப்பி வச்சது போதும். மோட்டாருக்குக் காயில் கட்டப் போறேன். எரிஞ்சு போன கம்பியை எடுத்துட்டு, புதுக் கம்பியைச் சுத்தி உள்ள இறக்கணும், அம்புட்டுத்தானே. அய்யா நம்ம ரெண்டு பேரையும் ஒரு நாளாச்சும் அந்தக் கடைக்குள்ள விட்டிருக்காரா? ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சொல்லித் தர ஆள் இல்லாட்டி என்ன, பிரிச்சுப் பாத்தாத் தெரியப் போகுது.

வேளைக்குச் சாப்பிடு. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கச்சி
முருகு


திருப்பூர்
12.11.2024

அன்பு முருகு,

நாங்க எல்லாரும் இருக்கோம். முழங்கால் அப்படியேதான் இருக்கு. தைக்கிற மிஷினை எட்டு மணி நேரம் மிதிச்சா வேற எப்படி இருக்கும்.

நீ கடையைத் திறந்ததுக்கு நான் அங்க வந்து ஆரத்தி எடுக்கணுமா? கரண்டு விளையாட்டுச் சாமான் இல்லடி. ஒரு கம்பி மாறினா ஆளைத் தூக்கி எறிஞ்சிரும். அய்யா நம்மளை விடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? வயசு முப்பதாகுது, இன்னும் பிடிவாதம் மட்டும் அஞ்சு வயசுல இருந்த மாதிரியே இருக்கு.

நான் வேணாம்னு சொன்னா நீ கேக்கப் போறதில்ல. அதனால ஒரு கண்டிஷன் போடுறேன். ஒரு மோட்டார். அடுத்தவுக மோட்டார். நீயே தனியாக் காயில் கட்டிக் குடு. அது ஒரு குறையும் இல்லாம மூணு மாசம் ஓடணும். ஓடினா நான் கையெழுத்துப் போடுறேன், கடை உனக்கு. ஓடலைன்னா சாவியைப் பாய்கிட்டக் குடுத்துட்டு அடுத்த பஸ்ல திருப்பூர் வந்துரணும். பேச்சு மாறக் கூடாது.

மழையில நனையாதே. ராத்திரி கதவைத் தாப்பாப் போட்டுப் படு.

சேது


உச்சிப்புளி
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கண்டிஷன் வந்து சேந்துச்சு. சம்மதம். ஒடம்புக்கு ஒரு குறையும் இல்ல, விரல் நுனி மட்டும் கம்பி கிழிச்சுக் கிழிச்சு எரியுது. உங்க பக்கம் குளிர் ஆரம்பிச்சிருச்சா? சின்னவனுக்கு மூச்சு வாங்குமே, பாத்துக்க.

அடுத்தவுக மோட்டாரைத் தொடுறதுக்கு முன்னாடி நம்ம கடை மூலையில கிடந்த ஓட்டை சீலிங் ஃபேனைக் கழட்டினேன். முதல் தடவை கருகின கம்பியைக் கத்தரிச்சு எடுத்துப் போட்டுட்டேன். அப்புறம்தான் உறைச்சுச்சு, எத்தனை சுத்து இருந்துச்சுன்னு எண்ணவே இல்ல. கூறுகெட்டவ. அடுத்த ஃபேனை எடுத்து ஒவ்வொரு சுத்தாப் பிரிச்சு, காலண்டர் தாள் பின்னாடி அஞ்சஞ்சாக் கோடு போட்டுக்கிட்டே வந்தேன். நூத்தி எழுபதுக்கிட்ட வாரப்ப மீன்காரம்மா வந்து "நகரை இருக்கு, வேணுமா"ன்னு கேட்டாக. வேணாம்னு சொல்லிட்டுத் திரும்பினா எண்ணிக்கை போச்சு. மீனும் போச்சு.

மூணாவது ஃபேன்ல எண்ணி முடிச்சு, படம் வரைஞ்சு வச்சு, புதுசாக் கட்டி மாட்டினேன். சுவிட்சைப் போட்டா சுத்துச்சு அக்கா. ஆனா தலைகீழாச் சுத்துச்சு. காத்து மேல போய் ஒட்டடை எல்லாம் என் தலையில கொட்டிருச்சு. அப்படியே நின்னு சிரிச்சேன். ரெண்டு கம்பியை மாத்தி மாட்டினேன், சரியாப் போச்சு. எந்தக் கம்பியை மாத்தணும்னு யாரும் சொல்லலை, நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். அன்னைக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. கடையை அடைக்க மனசு வராம அந்த ஃபேனுக்கு அடியிலயே உக்காந்திருந்தேன்.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு. முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தேய்.

முருகு


திருப்பூர்
12.12.2024

அன்பு முருகு,

இங்க சுகம். சின்னவனுக்கு இழுப்பு வந்து இப்பக் குறைஞ்சிருக்கு.

ஃபேன் ஓடுறது பெரிய விஷயம் இல்ல. தண்ணி மோட்டார்ல கம்பி தடிமனா இருக்கும், வளைக்கிறது கஷ்டம். கம்பி உக்காருற காடிக்குள்ள இறக்கும்போது காடி வாயில உரசிச்சுன்னா கம்பி மேல இருக்குற பூச்சு உரிஞ்சு போகும், வெளியில தெரியாது, ஓடும்போதுதான் எரியும். காடிக்கு உள்ள போடுற பேப்பரை ரெண்டு பக்கமும் மடிச்சு விடு. வார்னிஷ் ஊத்தினா ரெண்டு நாள் வெயில்ல காய விடு, அவசரப்படாதே. கப்பாசிட்டரைக் கையால தொடாதே, சுவிட்சை அணைச்சாலும் அதுல கரண்டு தேங்கி நிக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. எங்க கம்பெனி மெக்கானிக் ராம்குமார் யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருப்பான், காதுல விழும்.

வேளைக்குத் தூங்கு.

சேது


உச்சிப்புளி
2.1.2025

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் புது வருஷம் நல்லபடியா இருக்கட்டும். நான் ரொம்பச் சுகம். எவ்வளவு சுகம்னு கீழ படி.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி மல்லிகை நாத்துப் போட்டு விக்கிறாகளே ராக்கு அக்கா, ஞாபகம் இருக்கா? சண்டைன்னா முந்தானையைச் சொருகிக்கிட்டு முதல் ஆளா நிப்பாகளே, அவுகதான். மழை நின்னதும் அவுக மோட்டார் எரிஞ்சு போச்சு. ராமநாதபுரத்துல கேட்டா எட்டு நாள் ஆகும்னு சொல்லிட்டாகளாம். நாத்து எட்டு நாள் தாங்குமா? என் கடைக்கு வந்து, "உனக்கு வருமாடி?"ன்னு கேட்டாக. வரும்னேன். அன்னைக்கே மோட்டாரைக் கழட்டிக் கடைக்குக் கொண்டு வந்துட்டேன்.

அஞ்சு நாள் ஆச்சு. நீ சொன்ன மாதிரியே பேப்பரை மடிச்சு விட்டேன். கருகின அழுக்கு மோட்டார் பாடியிலயும் காடியிலயும் அப்பிக் கிடந்துச்சு. அய்யா மண்ணெண்ணெயிலதான் துடைப்பாரு, இப்ப ரேஷன்ல மண்ணெண்ணெய்க்குக் கையை விரிச்சுட்டாக. நான் சோப்புத் தூளைப் போட்டு, நம்ம வீட்டு போர் தண்ணியில தேய்ச்சுக் கழுவினேன். புதுசு மாதிரி ஆயிருச்சு. காய வச்சு, காயிலை இறக்கி, கம்பி வெளிய வராம மூங்கில் சிம்பு செதுக்கி அடிச்சு, வார்னிஷ் ஊத்தி, ரெண்டு நாள் வெயில்.

நேத்துக் காலையில மாட்டினோம். தண்ணி குபுகுபுன்னு வந்து வாய்க்கால்ல ஓடுச்சு. ராக்கு அக்கா என் கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளிட்டாக, இன்னும் வலிக்குது. ஜனவரி ஒண்ணுல இருந்து எண்ணிக்க. மார்ச் கடைசியில பேனாவை எடுத்து வை.

பொங்கலுக்கு வர முடியாதுன்னு மச்சான் சொன்னாரு. பரவாயில்ல. பிள்ளைகளுக்குக் கரும்பு வாங்கிக் குடு.

முருகு


திருப்பூர்
12.1.2025

அன்பு முருகு,

பொங்கல் நல்லாக் கொண்டாடு. உன் லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். மோட்டார் ஓடுறது கேட்டுச் சந்தோஷம்.

நிறைய எழுதணும்னுதான் உக்காந்தேன். ஒரு பக்கம் எழுதிக் கிழிச்சுப் போட்டுட்டேன். வேலை ஜாஸ்தி, கை வலிக்குது. ஒடம்பைப் பாத்துக்க.

சேது


உச்சிப்புளி
24.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் இருக்கேன். பொங்கலுக்கு எதுத்த வீட்டுல கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாக. இந்தத் தை மாசம் பனி ரொம்ப அதிகம், காலையில தென்னை ஓலையில இருந்து மழை மாதிரி சொட்டுது. பாம்பன்ல புதுப் பாலம் பாக்கக் கூட்டமா நிக்குதாம். நான் போகலை.

கடை நடக்குது. ராக்கு அக்கா நல்லா இருக்காக. உன் கை வலி எப்படி?

முருகு


உச்சிப்புளி
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்கிட்ட இருந்து பதில் இல்ல. நான் எழுதின லட்சணத்துக்குப் பதில் எதுக்கு வரப் போகுது. அதுல பொய் எதுவும் இல்ல, ஆனா உண்மையும் இல்ல. இப்பச் சொல்றேன்.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள் காலையில ராக்கு அக்கா மோட்டாரைத் தொட்டிருக்காக. ஷாக் அடிச்சு, கையை உதறி, நாத்துப் பாத்தி மேலயே விழுந்துட்டாக. நல்லவேளை, முழங்கையில சிராய்ப்போட போச்சு. நேரா கடைக்கு வந்து, "ஏன்டி, தண்ணி கேட்டா கரண்டைக் குடுக்குறே?"ன்னு கேட்டாக. எப்பவும் போலக் கத்தினாக்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக் கேட்டாக அக்கா, அதுதான் தாங்க முடியலை.

மோட்டாரைத் தூக்கிட்டு வந்தேன். காயில் எரியலை, கம்பி அறுகலை, ஆனா பாடியில கரண்டு கசியுது. எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டு, மறுபடி கழுவி, புதுப் பேப்பர், புதுக் கம்பி, முதல்ல இருந்து கட்டினேன். அந்த அஞ்சு நாளும் காலையிலயும் சாயங்காலமும் ராக்கு அக்காகூடக் குடத்துல தண்ணி சுமந்து நாத்துக்கு ஊத்தினேன். மறுபடி மாட்டினோம். வெயில்ல ஒரு கசிவும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு, பனி இறங்கின ஒரு காலையில டெஸ்ட் லைட்டை வச்சுப் பாக்குறேன், லேசா எரியுது. மறுபடி கசிவு. கழட்டி வச்சுட்டேன். மறுபடியும் குடம்.

என்ன தப்புன்னு எனக்குத் தெரியலை. உன் கண்டிஷன்படி மூணு மாசம் இல்ல, மூணு வாரம்கூட ஓடலை. தோத்துட்டேன். ராக்கு அக்காவுக்கு வேற மோட்டாருக்கு ஒரு வழி பண்ணிட்டு, சாவியைப் பாய்கிட்டக் குடுத்துடுறேன். பனியன் கம்பெனியில இடம் இருந்தாச் சொல்லி வை.

ஒடம்பு நல்லா இருக்கு. மனசுதான் சரியில்ல.

முருகு


திருப்பூர்
20.2.2025

முருகு,

சுகமான்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல. சாவியைக் குடுத்துடாதே. முதல்ல இதைப் படி.

தப்பு நம்ம வீட்டு போர் தண்ணிடி, அது உப்புத் தண்ணி. அந்த உப்பு காடிக்குள்ள ஒட்டிக்கிடும், கண்ணுக்குத் தெரியாது. வெயில்ல சும்மா இருக்கும். பனி இறங்கினா ஈரத்தை இழுத்து, கரண்டைப் பாடிக்கு விடும். நீ எத்தனை தடவை புதுக் கம்பி போட்டாலும் அதே தண்ணியில கழுவினா அதேதான் நடக்கும். காவிரித் தண்ணி குழாயில வரும்ல, அதுல நாலஞ்சு தடவை அலசு. கடைசியில தின்னர் வச்சுத் துடை. நல்லாக் காய வை. எர்த் கம்பி குடுக்காம மாட்டாதே.

இதெல்லாம் ராம்குமார் சொல்லி எனக்குத் தெரிஞ்சது இல்ல. எனக்குப் பதினாலு வயசு, நீ ஆறு வயசுப் பிள்ளை. அய்யா வெளியூர் போயிருந்தப்ப கடைக்குள்ள போய், எரிஞ்ச டேபிள் ஃபேன் ஒண்ணுக்குக் காயில் கட்டினேன். அவர் கட்டுறதை ஜன்னல் வழியா ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தவதான் நான். ஓடுச்சுடி. அப்ப அம்மா உயிரோட இருந்துச்சு, அதுக்குக் காட்டணும்னு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நானும் நம்ம உப்புக் கிணத்துத் தண்ணியிலதான் கழுவியிருந்தேன். மறுநாள் அம்மா ஈரக் கையோட அதைத் தொட்டுச்சு. ரெண்டு நாள் வலது கையைத் தூக்க முடியலை. அய்யா என்னை அடிச்சாரு. அன்னைக்கு அவர் ஒரு வியாபாரிகிட்ட, ஃபேனைக் கழுவின தண்ணியில உப்பு, அதான் கரண்டு கசிஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டிருந்தது கதவுக்குப் பின்னாடி நின்ன என் காதுல விழுந்துச்சு. என்கிட்டச் சொல்லலை. நம்ம ரெண்டு பேரும் இனிமே அந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாதுன்னு மட்டும் சொன்னாரு. உன்னையும் விடாதது என்னாலதான்.

இன்னும் மோசமானது இருக்கு. ஜனவரியில நீ போர் தண்ணியில கழுவினேன்னு எழுதினதைப் படிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒரு பக்கம் எழுதினேன், கிழிச்சேன்னு சொன்னேன்ல, அதுல இதுதான் இருந்துச்சு. நீ தோக்கணும்னு நெனச்சேன். எனக்கு வயித்தெரிச்சல்டி. எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கும்னு எரிஞ்சுச்சு. மோட்டார் நின்னு போகும், அவ்வளவுதான்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். ஷாக் அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? ராக்கு விழுந்ததுக்கு நீ காரணம் இல்ல, நான்தான்.

திட்டி எழுது. எழுதாம மட்டும் இருக்காதே.

சேது


உச்சிப்புளி
14.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூணு வாரமா எழுதலை. முதல் ரெண்டு நாள் மனசுக்குள்ளயே உன்கூடச் சண்டை போட்டேன். நீ கட் பண்ண முடியாதுல்ல, நல்லாவே போட்டேன். ராக்கு அக்கா வேற இடத்துல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் கோவம் வருது. அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் பதினாலு வயசுல ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த உன்னை நெனச்சேன். எனக்கு ரெண்டு ஃபேன் பாழாச்சு. உனக்கு முதல் ஃபேனே ஓடியிருக்கு. அதுக்குக் கிடைச்சது அடி. எனக்கு அழுகையா வந்துச்சு.

குழாயில காவிரித் தண்ணி நாலு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. மோட்டாரை மறுபடி பிரிச்சு, பிடிச்சு வச்ச தண்ணியில அஞ்சு தடவை அலசினேன், ஒவ்வொரு தடவையும் நாக்குல தொட்டுப் பாத்தேன். முதல் ரெண்டு தடவை கரிச்சுச்சு. அஞ்சாவதுல ஒண்ணும் இல்ல. தின்னர், வெயில், எர்த் எல்லாம் நீ சொன்னபடி பண்ணி, புதுக் காயில் கட்டி மாட்டினேன். மாசிப் பனியில தினம் விடியக்காலையில போய் டெஸ்ட் லைட் வச்சுப் பாத்தேன். பத்து நாளாச்சு, எரியவே இல்ல. ராக்கு அக்கா நான் தொட்ட பிறகுதான் தொட்டாக. "தப்பு யாருது"ன்னு கேட்டாக. தண்ணின்னு மட்டும் சொன்னேன், உன்னைப் பத்திச் சொல்லலை. அவுக சொல்லி இப்ப இன்னும் மூணு மோட்டார் கடையில வந்து நிக்குது.

ஆனா கண்டிஷன் கண்டிஷன்தான். மூணு மாசம் ஓடலை. சித்திரைக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கையெழுத்து உன் கையில. நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்.

முழங்காலுக்கு மாத்திரையை விடாமப் போடு. மச்சானுக்கு என் வணக்கம்.

முருகு


திருப்பூர்
24.3.2025

அன்பு முருகு,

நாங்க சுகம். கையெழுத்துப் போட்ட பேப்பரை வாவு முகம்மது பாய்க்கு முந்தாநாளே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிட்டேன். கண்டிஷன் போட்டவ அதை உடைச்சதுக்கு அப்புறம் அந்தக் கண்டிஷனுக்கு என்ன மதிப்பு? கடை உனக்கு. சஃபீர் வேற இடம் பாக்கட்டும்.

இன்னொண்ணு. எங்க காம்பவுண்டுல எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரு தண்ணி மோட்டார். போன வாரம் எரிஞ்சு போச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடாதீங்க, நான் பாக்குறேன்னு சொல்லிட்டேன். வாயில இருந்து வந்துருச்சு. உன் மச்சான் என்னை ஏற இறங்கப் பாத்தாரு. இருபத்தி நாலு வருஷம் கழிச்சுக் கம்பியைத் தொடுறேன்டி. கை மறக்கலை, கண்ணுதான் கொஞ்சம் மங்கல். நல்ல தண்ணியில கழுவினேன். சுத்தெல்லாம் சரியா எண்ணினேன்.

மாட்டினா ஓடலை. உம்ம்னு முனகிக்கிட்டு நிக்குது. கையால தள்ளி விட்டா அப்புறம் சுத்துது. மூணு நாளா முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், காம்பவுண்டே வாளியோட நிக்குது. உனக்குத் தெரியும்ல? எது தப்புன்னு உடனே எழுது.

சேது


உச்சிப்புளி
29.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பாய் பேப்பரைக் கொண்டு வந்து காட்டினாக. கையெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு. ரொம்ப நன்றிக்கா. இங்கன வெயில் ஏற ஆரம்பிச்சிருச்சு, ஒடம்பு நல்லா இருக்கு. உன் முழங்காலைப் பத்தி நாலு லெட்டரா நீ எழுதவே இல்ல. வலி மறந்து போச்சுன்னு நெனச்சுக்கிடுறேன்.

உன் மோட்டாருக்கு என்ன கோளாறுன்னு படிச்சதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்ல மாட்டேன்.

ஆளுக்கு ஆபத்து வரக்கூடிய எதையும் மறைக்க மாட்டேன், அதனால அதை முதல்ல எழுதிடுறேன். தொடுறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணு. எர்த் குடு. கப்பாசிட்டர் கிட்டப் போகாதே. பிள்ளைகளைத் தள்ளி நிக்கச் சொல்லு. இது போதும், உனக்கு ஒண்ணும் ஆகாது. மத்ததை நீயே பாத்துக்க. கையால தள்ளினாச் சுத்துதுன்னு நீயே எழுதியிருக்கே, அந்த வரியைத் திருப்பிப் படி; அதுக்கு ஓட முடியுது, கிளம்பத்தான் முடியலை. அப்புறம் ஒவ்வொரு கம்பியும் எங்க கிளம்பி எங்க போய்ச் சேருதுன்னு விரலை வச்சுத் தடவிக்கிட்டே போ.

ஜனவரியில நான் தோக்கணும்னு நெனச்சு நீ சொல்லாம இருந்தே. நான் இப்பப் பழிவாங்குறதா நெனச்சுக்காதே. அய்யா உன்னைக் கடையை விட்டு விரட்டின பிறகு நீ சொந்தமாக் கண்டுபிடிக்க வேண்டிய ஒண்ணு பாக்கி நிக்குது. அதை நான் எடுத்துச் சொல்லிட்டா அதுவும் உனக்கு இல்லாமப் போயிரும். காம்பவுண்டு ஆளுக இன்னும் ரெண்டு நாள் வாளியோட நிக்கட்டும், பரவாயில்ல.

மச்சானையும் பிள்ளைகளையும் கேட்டதாச் சொல்லு.

உன் தங்கச்சி
முருகு